அம்மாவின் கோல நோட்டு: கோடு, புள்ளி, வண்ணம் மூன்றையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிப்பது எப்படி?

மாக்கோலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா திருமணமான புதிதில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரைந்து நிரப்பிய கோல நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். வெளிர்நீல வரிகள், இடப்பக்கம் சிவப்பு ஓரக்கோடு, பழுப்பேறிய தாள். பல பக்கங்களில் காபித் தம்ளர் வைத்த வட்டக் கறையும் உண்டு. பெரும்பாலான கோலங்களைக் கறுப்புப் பேனாவால் போட்டிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்து, சிவப்புப் பேனாவால் சிக்குக் கோலம் இழுத்திருக்கிறார். இவற்றைச் சுத்தம் செய்து, வண்ணம் நிரப்பி, மார்கழி பிறப்பதற்குள் சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு பக்கத்தையும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, ஜேபெக் கோப்பாக வைத்துக்கொண்டு, கிம்ப் 2.10 என்னும் படம் திருத்தும் நிரலில் திறந்தேன். நீல வரிகளை அழிப்பானால் அழிக்கத் தொடங்கியபோது, அழித்த இடம் வெறுமையாகாமல் பளிச்சென்ற வெள்ளையாக மாறி, பழுப்புத் தாளின் நடுவே ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தது. வாளிக் கருவியால் வண்ணம் ஊற்றினால், கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இடையே மெல்லிய வெளிறிய விளிம்பு நின்றுவிடுகிறது. பேனா சற்றே விட்டுப்போன இடம் இருந்தால் வண்ணம் பக்கம் முழுவதும் பரவிவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்ற அடுக்குகள், அதாவது லேயர்கள், இதற்குத்தான் என்று கேள்விப்பட்டு ஒரு புதிய அடுக்கில் வேறொரு பக்கத்திலிருந்து வெட்டிய பூ ஒன்றை ஒட்டினேன். அதன் பிறகு தூரிகை அந்தப் பூவைச் சுற்றிய மஞ்சள் புள்ளிக்கோட்டுச் சதுரத்துக்கு வெளியே எதையும் வரைய மறுக்கிறது. இத்தனைக்கும் மேலாக, ஒரு மாலை முழுவதும் உழைத்ததை ஜேபெக்காக ஏற்றுமதி செய்துவிட்டு நிரலை மூடியதால், மறுநாள் எல்லாம் ஒரே படமாக ஒட்டிப்போய் நின்றது.

அடுக்குகளை எந்த முறையில் பிரித்தால் வரி, கறை, கோடு, புள்ளி, வண்ணம் ஆகியவற்றை ஒன்றையொன்று பாதிக்காமல் கையாள முடியும்? அழிப்பானைத் தவிர வேறு வழி உண்டா? பொறுமையாக விளக்குபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

வண்ணப்பெட்டி எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் சிறிய தொல்லைகளை முடித்துவிடுவோம். ஜேபெக் கோப்பில் வெளிமை, அதாவது அடியில் உள்ளது தெரியும்படியான வெற்றிடம், என்பதே கிடையாது. ஆகவே அதைத் திறந்ததும் கிடைக்கும் அடுக்கில் வெளிமையைக் குறித்துவைக்கும் ஆல்ஃபா சேனல் இருக்காது. அத்தகைய அடுக்கில் அழிப்பானைத் தேய்த்தால் பின்னணி நிறமாகத் தேர்ந்திருப்பதுதான் பூசப்படும். உங்களுக்கு அது வெள்ளையாக அமைந்தது. அடுக்கின் மீது வலச்சொடுக்கி "ஆட் ஆல்ஃபா சேனல்" கொடுத்தால் அழித்த இடம் வெளிமையாகும். மஞ்சள் சதுரம் அந்த அடுக்கின் எல்லை. கிம்ப்பில் ஒவ்வோர் அடுக்கும் தன் சொந்த அளவு உடையது, ஒட்டிய பூவின் அடுக்கு பூ அளவுக்கே உள்ளது. "லேயர் டு இமேஜ் சைஸ்" கட்டளை அதை முழுப் பக்கத்துக்கு விரித்துவிடும். கோப்பைச் சேமிக்கும்போது, அடுக்குகளை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் என்பது பிறருக்கு அனுப்புவதற்கான பிரதி மட்டுமே.

இனி முக்கியமான செய்தி. நீல வரிகளை அழிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. வண்ணப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களின் (ஆர்ஜிபி) கூட்டு. ஒவ்வொரு சேனலும் அந்த நிற ஒளி எங்கே எவ்வளவு என்று காட்டும் ஒரு சாம்பல்நிறப் படம். நீல வரி நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நீலச் சேனலை மட்டும் தனியே பார்த்தால் அந்த வரி தாளோடு தாளாகக் கரைந்துவிடும். அதே காரணத்தால் சிவப்பு ஓரக்கோடு சிவப்புச் சேனலில் மறையும். காபிக் கறை சிவப்புச் சேனலில் மங்கலாகவும், நீலச் சேனலில் கருமையாகவும் தெரியும். கறுப்புப் பேனா மட்டும் மூன்றிலும் கறுப்பாகவே இருக்கும். வரியைப் போக்க நீலச் சேனல் வேண்டும், கறையைப் போக்கச் சிவப்புச் சேனல் வேண்டும் என்ற இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பதுதான் அடுக்குகளின் வேலை.

"கலர்ஸ்" பட்டியில் "காம்பொனென்ட்ஸ்" என்பதன் கீழ் "டிகம்போஸ்" இருக்கிறது. அதில் ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்து, அடுக்குகளாகப் பிரி என்னும் பெட்டியில் குறியிட்டால், மூன்று சாம்பல்நிற அடுக்குகள் கொண்ட புதிய படம் ஒன்று திறக்கும். பச்சையை மறைத்துவிட்டு, சிவப்பைக் கீழேயும் நீலத்தை மேலேயும் வையுங்கள். மேலுள்ள நீலத்தின் கலப்பு முறையை (மேலடுக்கு கீழடுக்கோடு சேரும் விதத்தை) "லைட்டன் ஒன்லி" என்று மாற்றினால், ஒவ்வொரு படப்புள்ளியிலும் (பிக்சலிலும்) இரண்டு அடுக்குகளில் எது வெளிச்சமானதோ அதுவே நிற்கும். வரி உள்ள இடத்தில் நீலச் சேனல் வெல்லும். கறை உள்ள இடத்தில் சிவப்புச் சேனல் வெல்லும். பேனா உள்ள இடத்தில் இரண்டுமே இருட்டு என்பதால் கோடு அப்படியே நிற்கும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. கலப்பதற்கு முன்பே ஒவ்வோர் அடுக்கிலும், எது முழுக் கறுப்பு, எது முழு வெள்ளை என்று முனைகளை நகர்த்தும் "லெவல்ஸ்" கருவி கொண்டு தாளின் நிறத்தை வெள்ளைக்கு உயர்த்த வேண்டும். என்னிடம் இருந்த பழைய கணக்கு நோட்டு ஒன்றில் நேற்று இதைச் செய்து பார்த்து, நிறமெடுப்பானால் அளந்தேன். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. தாளின் மதிப்பு சிவப்பில் 235, நீலத்தில் 185. பழுப்பேறிய தாள் நீலத்தில் இருட்டாகத்தான் இருக்கும். நீல வரி சிவப்பில் 150, நீலத்தில் 180. இப்படியே கலந்திருந்தால் 235-க்கு நடுவே 180 மிஞ்சி, வரி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். நீல அடுக்கின் வெள்ளை முனையை 185-க்கு இழுத்ததும் வரி 248 ஆகிவிட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. கறை சிவப்பில் 190 இருந்தது. அந்த அடுக்கின் வெள்ளை முனையை 235-இல் வைத்தபோது 206 ஆயிற்று. கலந்த பிறகு "நியூ ஃப்ரம் விசிபிள்" என்ற கட்டளையால் அந்தத் தோற்றத்தை ஒரே அடுக்காக எடுத்து, அதில் மீண்டும் லெவல்ஸில் கறுப்பு முனையை 80-க்கும் வெள்ளை முனையை 200-க்கும் வைத்தேன். கறை போய்விட்டது, கோடு மையாக நின்றது. கறையும் வரியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களில் மட்டும் சாம்பல் துணுக்குகள் மிஞ்சின, ஏனென்றால் அங்கே இரண்டு சேனல்களுமே இருட்டு. அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

கையால் நீக்குவதற்கும் அழிப்பான் வேண்டாம். கோட்டு அடுக்கின் மேல் வெளிமையான புதிய அடுக்கு ஒன்றைத் திறந்து, துணுக்குகளின்மீது வெள்ளைத் தூரிகையால் பூசுங்கள். தவறிக் கோட்டின்மேல் பூசிவிட்டால், பூச்சைத்தான் அழிப்பீர்கள், அம்மாவின் கோட்டை அல்ல. பிறகு கோட்டு அடுக்கையும் பூச்சு அடுக்கையும் ஒரு குழுவுக்குள் போட்டு, குழுவின் கலப்பு முறையை "மல்டிப்ளை" ஆக்குங்கள். தனித்தனியே விட்டால் வெள்ளைப் பூச்சு கீழே உள்ள வண்ணத்தையும் மூடிவிடும். இதில் நானே இருமுறை இடறி விழுந்திருக்கிறேன்.

மல்டிப்ளை என்பது பெயருக்கேற்பப் பெருக்கல். வெள்ளையை 1 என்றும் கறுப்பை 0 என்றும் கொண்டால், வெள்ளை எதனோடு பெருகினாலும் கீழே உள்ள நிறம் மாறாது. கறுப்பு எதனோடு பெருகினாலும் கறுப்புதான். ஆகவே கோட்டுக் குழுவைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, அதன் கீழே வண்ண அடுக்கு, அதற்கும் கீழே வெற்று வெள்ளை அடுக்கு என்று அடுக்கினால் போதும். டிகம்போஸ் தந்த படம் சாம்பல்நிறப் படம் என்பதை மறக்க வேண்டாம். "இமேஜ்" பட்டியில் "மோட்" சென்று ஆர்ஜிபி ஆக்காவிட்டால், எந்த வண்ணத்தைத் தொட்டு வைத்தாலும் சாம்பலாகவே விழும்.

வெளிறிய விளிம்புக்குக் காரணம், ஸ்கேன் செய்த கோட்டின் ஓரம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மங்குவதுதான். வாளி அந்த மங்கலின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. வண்ண அடுக்கைத் தேர்ந்துகொண்டு, மந்திரக்கோலில் எல்லா அடுக்குகளையும் கணக்கில் கொள்ளும் "சாம்பிள் மெர்ஜ்டு" குறியை இட்டு, இதழின் உட்புறத்தைத் தெரிவுசெய்து, அத்தெரிவை 2 அல்லது 3 படப்புள்ளிகள் விரித்து, பிறகு நிரப்புங்கள். வண்ணம் கோட்டின் அடிவரை சென்றுவிடும், மேலே கோடு அதை மூடிக்கொள்ளும். பேனா விட்டுப்போன இடங்களுக்கு, 2019-இல் வந்த 2.10.10 பதிப்பு முதல் வாளிக் கருவியில் கோட்டோவியத்தைக் கண்டறிந்து நிரப்பும் வசதி இருக்கிறது. எத்தனை படப்புள்ளி இடைவெளி வரை மூடிய கோடாகக் கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லலாம்.

கணினி திணறினால் காரணம் இதுதான்: நோட்டுப் பக்கம் 18 செ.மீ.க்கு 24 செ.மீ. என்றால், 600 டிபிஐயில் ஏறக்குறைய 4250-க்கு 5670 படப்புள்ளிகள், அதாவது 2 கோடியே 40 லட்சம் படப்புள்ளிகள். படப்புள்ளிக்கு நான்கு பைட் வீதம் ஓர் அடுக்குக்கே 96 எம்பி நினைவகம் வேண்டும். வேலை முடிந்த இடைநிலை அடுக்குகளைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு நீக்குவது நல்லது. முடிந்தால் மறுபடியும் ஸ்கேன் செய்து பிஎன்ஜி அல்லது டிஃப் ஆக வையுங்கள். ஜேபெக் நிறத் தகவலைத்தான் முதலில் சுருக்குகிறது. சேனலைப் பிரிக்கும்போது அந்தச் சிதைவு கட்டம் கட்டமாக வெளியே தெரியும். ஸ்கேன் செய்யும்போது தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை வைத்தால், மறுபக்கத்துக் கோலம் இந்தப் பக்கத்தில் ஊடுருவித் தெரிவதும் பெருமளவு குறையும்.

மாக்கோலம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இரண்டு பக்கங்களைக் கறுப்பு அட்டை வைத்துப் புதிதாக ஸ்கேன் செய்து, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வரிகள் மறைந்த கணத்தில், பக்கத்து அறையில் இருந்த அம்மாவையே கூப்பிட்டுக் காட்டினேன். "வரி போட்ட நோட்டுதானே வாங்கினேன்?" என்று கேட்டார்.

சிவப்புப் பேனாப் பக்கங்களில் மட்டும் இந்த வழி பலிக்கவில்லை. லைட்டன் ஒன்லி கொடுத்ததும் நீல வரியோடு சேர்த்துக் கோலமும் காணாமல் போய், பென்சில் புள்ளிகள் மட்டும் பரிதாபமாக நிற்கின்றன.

நுண்கோடு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை அடுக்குகள் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டீர்கள் என்றால், இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை நிரலில் "டிரேஸ் பிட்மேப்" கொடுத்து வெக்டராக, அதாவது படப்புள்ளிகளாக அல்லாமல் கணித வளைவுகளாக, மாற்றிவிடலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. பல கோலங்கள் நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், கால்பங்கை மட்டும் சுத்தம் செய்து, மீதியைத் திருப்பி ஒட்டினால் வேலை நான்கில் ஒன்றாகக் குறையும்.

வண்ணப்பெட்டி எழுதியது:

நுண்கோடு சொல்வது விற்பனைக்கான கோலப் புத்தகத்துக்குப் பொருந்தும். இங்கே அச்சாக வேண்டியது ஒருவருடைய கை. வலப்பக்கத்து இதழ் இடப்பக்கத்து இதழைவிடச் சற்றுப் பருத்திருப்பதும், வளைவு முடியும் இடத்தில் பேனா ஒரு கணம் நின்று மை திரண்டிருப்பதும் திருப்பி ஒட்டினால் போய்விடும். டிரேஸ் செய்தாலும் மையின் கனம் தட்டையாகிவிடும். முடிவு அவர்களுடையது, என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

சிவப்புப் பக்கங்கள் பலிக்காதது என் தவறு. கறுப்புப் பேனாவை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். சிவப்பு மை சிவப்புச் சேனலில் வெளிச்சமாக இருப்பதால் அங்கே தாளோடு கரைந்துவிடுகிறது. ஆனால் இதை நட்டமாகக் கருத வேண்டாம். உங்களுக்குப் புள்ளிகள் தனி அடுக்காக இலவசமாகவே கிடைத்துவிட்டன! அதற்குப் "புள்ளி" என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் மங்கலானது என்பதால், இதில் மட்டும் லெவல்ஸின் வெள்ளை முனையைக் கடுமையாக இழுக்காதீர்கள்.

கோட்டைத் தனியே எடுக்கக் கழித்தல் உதவும். டிகம்போஸ் தந்த சிவப்பு அடுக்கைக் கீழேயும், பச்சை அடுக்கை மேலேயும் வைத்து, மேலதன் கலப்பு முறையை "சப்ட்ராக்ட்" ஆக்குங்கள். கீழுள்ளதிலிருந்து மேலுள்ளது கழியும். தாளிலும் பென்சிலிலும் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் மீதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீல வரியில் பச்சைதான் மிகுதி. கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்க் கறுப்பாகவே நின்றுவிடும். சிவப்பு மையில் சிவப்பு மிக அதிகம், பச்சை மிகக் குறைவு. ஆகவே மீதம் பெரிது. இந்த இடத்தில் "டிஃபரன்ஸ்" முறையைப் பயன்படுத்தினால் நீல வரியும் மங்கலாகத் தலைகாட்டும், எனவே அதைத் தவிர்க்கவும். கிடைப்பது கறுப்புத் தரையில் ஒளிரும் கோலம். லெவல்ஸால் சற்றுத் தூக்கிவிட்டால் கோடு வெள்ளையாகிவிடும். ஓரக்கோடும் சிவப்பு என்பதால் அதுவும் சேர்ந்து வரும். அந்த அடுக்குக்கு ஒரு லேயர் மாஸ்க் (அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் திரை) சேர்த்து, ஓரக்கோடு உள்ள பகுதியில் கறுப்பைப் பூசினால் அது மறையும். மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். தவறு செய்தால் எக்ஸ் விசையைத் தட்டி நிறத்தை மாற்றி மறுபடி வெள்ளையைப் பூசிக்கொள்ளலாம். மாஸ்க்கைத் தேர்ந்திருக்கிறோமா, அடுக்கையா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அழுவது இங்கேதான்.

தாளில் அச்சிட வேண்டுமென்றால் இந்த அடுக்கின் நிறத்தைத் தலைகீழாக்கி மல்டிப்ளை கொடுங்கள். தலைகீழாக்காமல் அப்படியே வைத்து, கலப்பு முறையை "ஸ்கிரீன்" ஆக்கினால், கறுப்பு மறைந்து வெள்ளைக் கோலம் மட்டும் நிற்கும். அதன் அடியில் உங்கள் வீட்டு வாசலின் படம் ஒன்றை வைத்துப் பாருங்கள். நோட்டில் வெள்ளைத் தாளில் நிறக் கோடாக இருந்தது, வாசலில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வந்துவிடும்.

அச்சுக்கூடம் எழுதியது:

அச்சிடுவது என்று வந்துவிட்டதால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகையும் நாட்காட்டியும் அடித்துக்கொண்டிருக்கும் ஆள் நான். போட்டோஷாப்பில் அடுக்குகள் 1994-இல் 3.0 பதிப்போடுதான் வந்தன. அதற்கு முன்பு ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஒட்டித் தெரிவை விட்டுவிட்டால் அது ஒட்டியதுதான். பிள்ளையார் படத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள் என்று வாடிக்கையாளர் சொன்னால் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்வோம். ஆகவே மேலே சொன்ன ஒழுங்கை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அச்சகத்துக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது கறுப்புக் கோடு. திரையில் உள்ள கறுப்பை ஆர்ஜிபியிலிருந்து நான்கு நிற அச்சுக்கு அப்படியே மாற்றினால், அது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் கலவையாகப் பிரிந்துவிடும். நான்கு தகடுகளும் இம்மியும் பிசகாமல் பொருந்தினால்தான் மெல்லிய கோடு மெல்லியதாக விழும். ரிஜிஸ்டர், அதாவது அந்தப் பொருத்தம், கொஞ்சம் விலகினாலும், கோட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் நிழல் தட்டும். கோட்டுக் குழுவை மட்டும் சாம்பல்நிற டிஃப் கோப்பாகவும், வண்ண அடுக்கை மட்டும் வேறொரு டிஃப் கோப்பாகவும், இரண்டையும் துல்லியமாக ஒரே அளவில் ஏற்றுமதி செய்து கொடுங்கள். அச்சகத்தில் பக்கம் கட்டுபவரிடம், கோட்டைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் ஓவர்பிரிண்ட் ஆக, அதாவது வண்ணத்தின் மேலேயே விழும்படி, வைக்கச் சொல்லுங்கள். வண்ணம் கோட்டின் அடிவரை விரிந்திருக்க வேண்டும் என்று வண்ணப்பெட்டி சொன்னது இங்கே இரட்டிப்புப் பயன் தரும். நாங்கள் அதை டிராப்பிங் என்போம். தகடு சற்று விலகினாலும் இடையில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்காது.

வாசல் படத்தின்மேல் வெள்ளைக் கோலம் என்றால் நிலைமை நேர் எதிர். வெள்ளை மை என்று எங்களிடம் ஒன்று இல்லை. நான்கு மைகளும் விலகி வழிவிட்ட இடத்தில் தெரியும் தாள்தான் அந்த வெள்ளை. கோடு மெலிதாக இருந்தால் நாலா பக்கத்து மையும் அதற்குள் கசிந்து அடைத்துவிடும். ஆகையால் ஸ்கிரீன் அடுக்கில் கோட்டைக் கொஞ்சம் பருமனாக்கியே கொடுங்கள். கோலமாவில் இழுக்கும் கோடும் பேனாக் கோட்டைவிடப் பருமன்தானே. எக்ஸ்சிஎஃப் கோப்பை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், பெரும்பாலான அச்சகங்களில் அதைத் திறக்கும் நிரல் இருக்காது. மூலக்கோப்பு உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

மாக்கோலம் எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. நுண்கோடு அவர்களுக்கும் நன்றி. நாட்காட்டிக்கென்று பின்னால் செய்யும்போது வெக்டர் வழியை முயல்வேன். சிவப்புப் பக்கம் ஒன்றை நேற்றிரவு முடித்தேன். கீழிருந்து மேலாக வாசல் படம், வண்ணம், புள்ளி, கோலம் என்று நான்கு அடுக்குகள். புள்ளி அடுக்கையும் தலைகீழாக்கி ஸ்கிரீன் கொடுத்தேன். கோல அடுக்கின் கண் குறியை அணைத்தால் புள்ளிகள் மட்டும் வாசலில் நிற்கின்றன. புத்தகத்தில் இடப்பக்கம் புள்ளி மட்டும், வலப்பக்கம் முழுக் கோலம் என்று வைக்க எண்ணியிருக்கிறேன்.

அம்மா புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு, ஏழாவது வரிசையில் ஒரு புள்ளி குறைகிறது என்றார். ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். நோட்டிலேயே அந்தப் புள்ளி இல்லை. கோடு மட்டும் அதைச் சுற்றி ஒழுங்காக வளைந்து போயிருக்கிறது. அதைப் புதிய அடுக்கு ஒன்றில் தனியாக வைத்திருக்கிறேன்.